கை வைக்கக் கூடாத சக்கரம்

1974 செப்டம்பர் 8, ஞாயிறு

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். மாடியில் மறுபடியும் ஜெர்மன் முழங்கத் தொடங்கிவிட்டது. நர்ஸிங் பள்ளிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுகிறார்கள். படிப்பை முடித்து மொழிப் பரீட்சையும் தேறினால் மேற்கு ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை. அதற்காக மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் வரவழைத்த டீச்சர்தான் என் மாடிக் குடித்தனக்காரி. பெயர் எலேனி. ஜெர்மன்காரி என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரி ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் சூசையப்பன் வீடு கேட்டார். வந்த பிறகு தெரிந்தது, பிறந்தது கிரீஸ் நாட்டில் ஒரு தீவு. பிழைக்க ஜெர்மனிக்குப் போய், தொழிற்சாலையில் நின்று, மாலை வகுப்பில் படித்து, கடைசியில் அந்த மொழிக்கே டீச்சராகிவிட்டவள். நாற்பத்து மூன்று வயது. அதிகம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. அதனால் ஒத்துப்போகிறது.

இன்று சூசையப்பன் ஒரு தாளில் என் கையெழுத்து வாங்க வந்தார். வெளிநாட்டாரைக் குடிவைத்திருக்கிறவர்கள் போலீஸ் ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவளுடைய அனுமதிப் புத்தகத்தையும் காட்டினார். ஊதா மையில் ஒரு முத்திரை. ஆஸ்பத்திரிப் பள்ளியில் ஜெர்மன் கற்பிக்க மட்டும் அனுமதி. ஊதியம் பெற்று வேறெந்த வேலையும் செய்யலாகாது.

"மீறினால்?"

"ஊருக்கு அனுப்பிச்சிருவாங்க. ஆனா அது சும்மா சம்பிரதாயத்துக்கு அடிக்கிற சீலுங்கம்மா. இந்தப் பாலக்காட்டுல இவங்க வேற என்ன வேலை பாத்துரப் போறாங்க?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வேலந்தாவளத்துத் தோட்டத்துக்குப் போனேன். எலேனியும் வருகிறேன் என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் வழியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அண்ணன் காளிச்சாமி கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினுக்கு முன்னால் குந்தியிருந்தார். டீசல் விலை ஏறியதிலிருந்து அந்த இன்ஜின் பாதி நாள் ஓடுவதில்லை. கரண்டுக்கு எழுதிக்கொடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. நெல் இருந்த வயலில் இப்போது பாதி தரிசு.

"தண்ணி கெடக்குதம்மிணி. முப்பதடியில கெடக்குது. மேல கொண்டாரத்தான் வழியில்லை" என்றார்.

எலேனி கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள். தலைமுடி பிய்த்துக்கொண்டு பறந்தது. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. வடக்கே வாளையார் மலை, தெற்கே ஆனைமலை, நடுவில் இந்த வாசல். ஆறு மாதம் மேற்கேயிருந்து உள்ளே வரும், கார்த்திகை பிறந்தால் கிழக்கேயிருந்து திரும்பி வரும்.

"இந்தக் காற்று எவ்வளவு நாள் அடிக்கும் என்று கேளுங்கள்" என்றாள் என்னிடம், ஆங்கிலத்தில்.

கேட்டேன். அண்ணன் சிரித்தார். "எப்ப நிக்கும்னு கேக்கச் சொல்லம்மிணி. தூசியும் தலைவலியுந்தான் இதுல மிச்சம்."

அவள் உட்கார்ந்து, ஒரு குச்சியால் புழுதியில் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் எட்டுக் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முக்கோணத் துணி. நடுவிலிருந்து கிணற்றுக்குள் ஒரு கம்பி. அவள் பிறந்த சமவெளியில் ஒவ்வொரு கிணற்றுக்கும் இப்படி ஒரு சக்கரமாம். பத்தாயிரம் சக்கரங்கள், எல்லாம் வெள்ளைத் துணி கட்டியவை, ஒரே நேரத்தில் சுற்றுமாம். அவளுடைய அப்பா அவற்றைச் செய்கிறவர்.

பத்தாயிரம்! கூட்டிச் சொல்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கணக்குப் போட்டேன். இயற்பியலில் பட்டம் வாங்கி இருபத்து மூன்று வருஷமாக அதையே நடத்துகிறவள் வேறு என்ன செய்வாள். பதினாறடி விட்டம், சுமாரான காற்று என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆள் வலு. உராய்வு போக ஒன்றரை ஆள். அதற்கு இவ்வளவு மரம், இவ்வளவு இரும்பு.

தாளை எலேனியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஒன்றரை ஆள். தூங்காத, சாப்பிடாத ஒன்றரை ஆள்" என்றாள்.

தாளை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணன் வேலையில் இறங்கிவிட்டார். இரண்டு பனை வெட்டியாகிவிட்டது. நான்கு கால் கோபுரம் நிற்கிறது, இருபதடி. கொல்லர் சின்னையன், கம்பியை ஏற்றி இறக்கும் வளைதண்டை அடிக்கிறார். எலேனி சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறாள். அண்ணி கமலாத்தாளின் பழைய கண்டாங்கியைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரைப் பார்த்தாலும் "ஏனுங்க" என்கிறாள். சின்னையனையும் ஏனுங்க, அண்ணனையும் ஏனுங்க, தோட்டத்து நாயையும் ஏனுங்க.

அண்ணி கேட்டாள், "இந்தம்மா ஊட்டுக்காரர் எங்கீங்?"

எலேனியிடம் கேட்டுச் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"அதான் இப்புடிக் கோபுரம் ஏற முடியுது" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள் முன்னால் பேசிவிட்டோமே என்று. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான் காலேஜுக்குப் போனேன். கோபுரம் ஏறவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று சக்கரத்துக்குத் துணிப் பாய்களைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவதில் பெரிய காற்று ஒன்று வந்து அடித்தது. சக்கரத்தின் ஒரு கை முறிந்து தென்னைமரத்தில் போய் விழுந்தது. காடாத் துணி நீள நீளமாகக் கிழிந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். எலேனி கிழிந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

இங்குள்ள காற்று அவள் ஊர்க் காற்றைவிட முரடு. அதற்குத் தகுந்தபடி துணியைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கணக்குத்தானே.

நவம்பர் 13, புதன்

மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். தாளை மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் எலேனி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நவம்பர் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலை பத்து மணி இருக்கும். கார்த்திகைக் காற்று கிழக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. எலேனி கோபுரத்தின் மேல் நின்றாள். சக்கரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். எட்டுப் பாய்களும் ஒரு மூச்சு வாங்கியது போல உப்பின. பிறகு சுற்றத் தொடங்கியது. சத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. புடவை உதறுகிற சத்தம், அவ்வளவுதான். வெள்ளைத் துணி மேலே போய்க் கீழே வந்து மேலே போய்—

கம்பி கிணற்றுக்குள் ஏறி இறங்கியது. குழாய் வாயில் அண்ணன் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. குழாய்க்குள் காற்று கர்ரென்றது. பிறகு ஒரு துப்பு. பிறகு கை நிறையத் தண்ணீர். அப்புறம் நிற்கவில்லை.

யாரும் தள்ளவில்லை. மாடு இல்லை. புகை இல்லை. எங்கோ கடலில் புறப்பட்ட காற்று, தமிழ்நாடு முழுதும் கடந்து, எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வாய்க்காலில் விட்டுவிட்டு மேற்கே போய்க்கொண்டேயிருந்தது.

இதன் சமன்பாடு எனக்குத் தெரியும். மூன்று தரம் கரும்பலகையில் நிரூபித்துக் காட்ட முடியும். அப்படியிருந்தும் அந்தத் தண்ணீர் கூடவே வரப்பில் ஏன் நடந்துபோனேன்?

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில்தான் அப்படிச் செய்வார். அண்ணி வாய்க்காலில் இறங்கி நின்றுகொண்டு, "வருதுங், வருதுங்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும்தான் தெரிந்ததே, வருகிறது என்று.

எலேனி மேலேயிருந்து இறங்கவேயில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். காற்றில் எல்லோருடைய கண்ணிலும்தான் நீர் வருகிறது.

நவம்பர் 25, திங்கள்

ஆற்றல் அழியாமை நடத்தினேன். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

1975 பிப்ரவரி 2, ஞாயிறு

தோட்டத்தில் களம். தரிசாகப் போட வேண்டிய வயலில் இந்தத் தடவை இரண்டாம் போகம் அறுத்தாயிற்று. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிளாக் ஆபீஸர் வந்திருந்தார். கோயமுத்தூர்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற ஒருவர் காமிராவோடு வந்திருந்தார்.

நெல்லைத் தூற்றிக் குவித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி குவியலிலிருந்து முதலில் சாமிக்கு, அப்புறம் வருஷம் முழுக்க வேலை செய்தவர்களுக்கு. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், நீர் பாய்ச்சுகிறவர், ஒவ்வொருவராக வேட்டியை ஏந்திக்கொண்டு வந்து வள்ளத்தால் அளந்து வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மீதி நெல் வீட்டுக்குப் போகும்.

அண்ணன் வள்ளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "டீச்சரம்மா முன்னால வாங்" என்றார்.

எலேனி என்னைப் பார்த்தாள்.

"இந்தக் களத்துக்குத் தண்ணி கொண்டாந்தவங்க. அவங்களுக்கு அளக்காம இந்த நெல்ல என்ற ஊட்டுக்குள்ள எப்படிக் கொண்டு போவேன்?"

சின்னையன் ஒதுங்கி, தனக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டார். அவள் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். நெல் விழுந்தது. "ஒண்ணு" என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று சொல்லி அளந்தார் அண்ணன். கனத்தில் அவள் கை தாழ்ந்தது. காமிராக்காரர் படம் எடுத்தார்.

நான் பிறந்த களம். நான் ஒரு நாளும் அந்த வரிசையில் நின்றதில்லை, நிற்கவும் முடியாது. அந்த வரிசை வேலை செய்தவர்களுடையது. எங்கிருந்தோ வந்த ஒருத்தி அதில் முதலாவதாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையா? இல்லை. கோயிலில் தீபாராதனை காட்டும்போது, நம்பிக்கை இல்லாவிட்டாலும் கை கூப்பிவிடுகிறதே, அது மாதிரி.

பிப்ரவரி 6, வியாழன்

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. எலேனியின் தலைப்பில் நெல் விழுகிறது. கீழே: "வேலந்தாவளம் விவசாயியின் தோட்டத்தில் காற்றாலை வேலை பார்க்கும் கிரேக்க மாது தன் கூலியைப் பெறுகிறார்."

அண்ணன் ஐந்து பிரதி வாங்கி அனுப்பியிருக்கிறார்.

மத்தியானம் சூசையப்பன் ஒரு பிரதியோடு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "கூலின்னு போட்டுட்டாங்களேம்மா" என்றார். மறுபடியும், "கூலின்னே போட்டுட்டாங்களே."

அப்போதுதான் எனக்கு அந்த ஊதா முத்திரை ஞாபகம் வந்தது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு. கையெழுத்துப் போட்டவளுக்கு.

பிப்ரவரி 12, புதன்

எலேனிக்கும் எனக்கும் போலீஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையிலேயே சூசையப்பன் வந்துவிட்டார். "அன்பளிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. நீங்க காலேஜ் ப்ரொஃபஸர். உங்க பேச்ச அவங்க எழுதிக்கிட்டு ஃபைல மூடிருவாங்க."

அண்ணனும் வந்திருந்தார். "அம்மிணி, நீ என்ன வேணும்னாலும் சொல்லு. சும்மா குடுத்ததுன்னு மட்டும் சொல்லீராதே. களத்துல சும்மா வாங்கறது பிச்சைக்காரந்தான். ஊரே பாக்க நிறுத்தி அளந்துட்டு இப்பப் பிச்சைன்னு எழுதிக் குடுத்தா, அந்தம்மா மூஞ்சியில நா எப்புடி முழிப்பேன்? சின்னையன் மூஞ்சியில?"

"அதுக்காக அவங்கள நாடு கடத்தட்டுங்களா?" என்றார் சூசையப்பன்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

வெளிநாட்டார் விவகாரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுக்காரர், மலையாளி. எலேனி உள்ளே நுழைந்ததும் கை கூப்பி, "ஏனுங்க, நல்லாருக்கீங்களா?" என்றாள். அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். மேஜையில் அந்தப் பத்திரிகை.

"டீச்சரே, நீங்க படிப்பிக்கிற ஆளு. உள்ளதைச் சொல்லணும். இந்த நெல்லு சும்மா கொடுத்ததோ, வேலைக்குக் கொடுத்ததோ?"

ஒரு வார்த்தை. அன்பளிப்பு. நாக்கின் நுனியில்தான் இருந்தது. இவள் போய்விட்டால் மாடி காலியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருக்கிறது என்பதே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

எலேனி என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் தலைப்பை ஏந்தி நின்ற கைகள்.

"வேலைக்குக் கொடுத்தது" என்றேன். "எங்கள் களத்தில் யாருக்கும் சும்மா அளப்பதில்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லணும்."

"யோசித்துத்தான் சொல்கிறேன். அந்த வரிசையில் நின்று வாங்கினவர்கள் ஊருக்கு அயலார் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"அயலார் இல்லைன்னு நீங்களும் உங்க அண்ணனும் தீர்மானிச்சா போதுமோ டீச்சரே? அது டெல்லியில தீர்மானிக்கிறது."

எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும். ஃபைல் திருவனந்தபுரம் போகுமாம். அதுவரை எலேனி டவுனை விட்டு வெளியே போகக் கூடாது.

பிப்ரவரி 15, சனி

என்ன செய்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்குமே. யாரு எங்கிட்ட உண்மை கேட்டாங்க? உண்மை பேசற பெரிய மனுஷி!

மாடிக்குப் போனேன். எலேனி பெண்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"என் அப்பா ஒரு சக்கரத்தையும் இனாமாகச் செய்ததில்லை" என்றாள். பிறகு, "உங்கள் அண்ணன் அளந்த நெல் கனமாக இருந்தது. நான் நினைத்ததைவிட."

திருத்துவதற்கு என்னிடம் பாதி நோட்டுகளைத் தள்ளினாள். எனக்கு ஜெர்மன் தெரியாது என்றேன். "எண்கள் மட்டும் பாருங்கள்" என்றாள். பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெண்களில் ஞானப்பூ என்று ஒருத்தி. கம்பம்மெட்டுக்காரி. அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி. இன்று எல்லோரும் போன பிறகும் படியிலேயே நின்றாள்.

"டீச்சரு போயிருவாகளாம்மா?"

"தெரியாது."

"ஆகஸ்ட்ல பரிச்சை. டீச்சரு இல்லைன்னா ஒருத்திகூடத் தேற மாட்டோம். எங்கய்யா இப்பவே தோட்டத்துல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, எம்மவ பிளேனுல போகப் போறான்னு. நான் திரும்பிப் போனா அவரு மொகத்த எங்கிட்டுக் கொண்டு போயி வைப்பாரு?"

நான் சொன்ன வார்த்தை எவ்வளவு தூரம் போகிறது. கம்பம்மெட்டு வரைக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எலேனி வர முடியாத தோட்டத்துக்கு நான் மட்டும் போனேன். சக்கரம் கட்டிக் கிடக்கிறது. பாய்கள் சுருட்டியிருந்தன.

"அவுங்களுக்கு ஆகாத சக்கரம் எனக்கெதுக்கு அம்மிணி? பிரிச்சு வெறகுக்குப் போட்டரலாம்னு பாக்கறேன்" என்றார் அண்ணன்.

திரும்பி வந்து எலேனியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்து இன்றுதான் பார்த்தேன். தமிழில் வந்தது. "ஏனுங்க! ஓட்டச் சொல்லுங்க! தண்ணிக்குப் பாஸ்போர்ட் இல்லீங்க!"

மே 3, சனி

உத்தரவு வந்துவிட்டது.

ஒரு வருஷம் நீட்டிப்பு. எழுத்துப்பூர்வமாக ஒரு எச்சரிக்கை. கற்பித்தல் தவிர வேறு எந்த வேலையிலும் ஈடுபடக் கூடாது, கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மறுபடி அந்த இயந்திரத்தில் வேலை செய்வதாகத் தெரிந்தால் ஏழு நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். டவுனை விட்டு வெளியே போய்வரத் தடையில்லை.

இன்ஸ்பெக்டர் எனக்குத் தனியாக விளக்கினார். "வாய் அசையலாம். கை அசையப்படாது, கேட்டோ." வாசல் வரை வந்து, "அந்தச் சக்கரம் நெசமாவே வெள்ளம் எடுக்குதோ டீச்சரே?" என்றும் கேட்டார்.

தண்ணீர் எடுக்கிறது என்றேன்.

சூசையப்பன் பெண்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஞானப்பூ எனக்கு இரண்டு கொடுத்தாள்.

மே 18, ஞாயிறு

எலேனி தோட்டத்துக்கு வந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி வந்தாள். தண்டில் எண்ணெய் வற்றியிருந்தது. அவளுக்குக் காதிலேயே தெரிகிறது. எண்ணெய்க் குப்பி காலடியில் இருந்தது. அவள் குனியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தன் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி சோறூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

எழுத விரல் மடங்கவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அண்ணனும் ஆட்களும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தோட்டத்தில் அண்ணி, எலேனி, நான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது மேற்கே வானம் சிலேட்டு நிறமாகியிருந்தது. பருவமழை வருகிறது என்று பேசிக்கொண்டோம். மழைக்கு முன்னால் காற்று வந்தது.

இப்படிப்பட்ட காற்றை நான் பார்த்ததில்லை. பனைகள் சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்தன. சக்கரம் பின்னால் பொருத்திய வால்பலகையால் தானாகவே மேற்கே திரும்பி, எட்டுப் பாயும் முழுசாக விரிந்தபடி சுற்றியது. துணி தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும். கோபுரக் கால்கள் முனகின.

"பாயைச் சுருட்ட வேண்டும். இப்போதே" என்றாள் எலேனி. "இல்லையென்றால் சக்கரம் மட்டுமில்லை, கோபுரமே கிணற்றுக்குள் போகும்."

சொல்லிக்கொண்டே ஏணிப் படியில் கை வைக்கப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு நாள். ஆகஸ்ட் பரீட்சை. கம்பம்மெட்டு.

"கையை எடு!" என்று கத்தினேன். தமிழில். ஒருமையில். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவளைத் தள்ளிவிட்டு நான் படியில் கால் வைத்திருந்தேன்.

"அய்யோ அம்மிணி, எறங்குங்!" என்றாள் அண்ணி.

இறங்கவில்லை. புடவையை இழுத்துச் செருகினேன். நாற்பத்தெட்டு வயது. மரமேறினதில்லை. காலேஜ் மொட்டைமாடியில்கூட ஓரமாக நின்றதில்லை. ஒவ்வொரு படியாக, கீழே பார்க்காமல்.

மேலே பலகையில் நின்றதும் காற்று என்னை முதுகோடு தூணில் அறைந்தது. கீழேயிருந்து எலேனியின் குரல். வகுப்பில் பேசுகிற குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக. "தடைக்கயிறு. இடது பக்கம். இழுங்கள். இன்னும். இன்னும். முளையில் சுற்றுங்கள். மூன்று சுற்று. நல்லது." சக்கரம் நின்றது. "முதல் கை. நுனிக் கயிற்றை அவிழுங்கள். துணி அடிக்கும், பயப்படாதீர்கள். உங்கள் பக்கம் இழுத்துக் கையைச் சுற்றிச் சுருட்டுங்கள். கட்டுங்கள்." கட்டினேன். "தடையைத் தளர்த்துங்கள். அடுத்த கை வரட்டும். நிறுத்துங்கள்."

கயிறு கையை அறுத்தது. மூன்றாவது பாய் முகத்தில் அடித்து என் மூக்குக்கண்ணாடி பறந்தது. அதற்குப் பிறகு பக்கத்தில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் குரல் மட்டும். ஒரு தடவைகூட அது உயரவில்லை.

ஆறாவது பாயோ ஏழாவதோ கட்டிக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கினேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. தூரத்துப் பார்வைக்கு எனக்குக் குறையில்லை. வடக்கே வாளையார் மலைச் சுவர். தெற்கே ஆனைமலைச் சுவர். அந்த இரண்டு சுவர்களுக்கும் இடையில், தரையிலிருந்து வானம் வரைக்கும், மழை நிமிர்ந்து நின்றபடி வந்தது. நடந்து வந்தது. கருப்பாக, ஒரே சீராக, அவசரமில்லாமல். அதற்கு முன்னால் வயல்கள், பனைகள், வீடுகள், எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. நாற்பத்தெட்டு வருஷமாக இந்த வாசலில்தான் இருக்கிறேன். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. கீழே நிற்கிறவர்களுக்கு இது தெரியாது.

பயமா? பயம் இருந்தது. அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன் என்று அண்ணி சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

"கடைசிக் கை" என்றது குரல். "ஏனுங்க டீச்சர், கடைசிக் கை."

கட்டினேன். கோபுரத்தின் முனகல் நின்றது. மழை வந்து எல்லாவற்றையும் மூடியது.

இறங்கினபோது எலேனி ஏணிக்கடியில் நின்றிருந்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால்தான். ஒரு கை மற்றதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடுவித்தபோது விரல் பதிந்த இடம் சிவப்பாக இருந்தது. ரோட்டில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நனைந்துகொண்டு நின்றார்கள்.

அண்ணி என் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல கோபுரமேறியாச்சு. உங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" கொஞ்ச நேரம் கழித்து, "மேல என்னுங் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

மழை என்றேன்.

ஜூன் 9, திங்கள்

உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு எழுதச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று சொன்னேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் சொல்லிப் பார்த்தேன். சுலபமில்லை.

சாயங்காலம் அண்ணன் ஆளனுப்பியிருந்தார். காற்று அடங்கிவிட்டதாம். பாயை அவிழ்த்துவிட யார் வருவீர்கள் என்று கேட்டு.

சனிக்கிழமை நான் வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.